பதினாறு தொன்: சொடக்குச் சத்தத்தில் மறைந்த கடன்

பலர் பாடிய பாடல் வளரும் என்பார்கள். சில வேளைகளில் அது தன் வலியை இழந்தும் விடுகிறது. அமெரிக்க 'கன்ட்ரி' இசையின் புகழ்பெற்ற 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாடலின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான மெர்ல் டிராவிஸ் 1946இல் இதனைப் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு கெபிடல் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அக்காலத்தில் பல சுரங்கங்களில் கூலி காசாகக் கிடைக்கவில்லை. கம்பனி அச்சிட்ட வில்லைகளாகவே கிடைத்தது. அவை கம்பனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும். வீடும் கம்பனிக்கே சொந்தம். எவ்வளவு வெட்டினாலும் கடன் தீராது. இதுவே பாடலின் பொருள். கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகித் தலையில் ஏறிய மலையக வரலாற்றை அறிந்த எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1955இல் டென்னசி ஏர்னி ஃபோர்ட் தமது ஆழ்ந்த குரலில் இதனைப் பாடினார். கிளாரினெட்டும் விரற்சொடக்கும் சேர்ந்தன. இசைத்தட்டின் மறுபக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட பாடல், கன்ட்ரி, பொப் ஆகிய இரு பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது. 1956 ஜனவரியில் பிரித்தானியாவிலும் அவ்வாறே. பின்னர் 1987இல் ஜொனி காஷும் பாடினார்.

ஃபோர்ட் பாடலைக் கெடுத்தார் என்று சொல்வோர் உளர். நான் அப்படிக் கருதவில்லை. அவர் கடனைப் பற்றிய வரிகளை நீக்கவில்லை. அவரின்றேல் டிராவிஸின் பாடல் இத்தனை இலட்சம் பேரை எட்டியிராது. ஆனால் தாளம் போட்டு இரசித்தவர்களில் எத்தனை பேர் சொற்களைச் செவிமடுத்தார்கள்? குற்றம் பாடகரிடம் இல்லை, கேட்பவரிடமே உள்ளது.

கம்பனி வில்லைகள் மறைந்துவிட்டன. முகவருக்குப் பணம் கட்டக் கடன்பட்டு, அக்கடனை அடைப்பதற்காகவே வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைப்போர் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபோர்டைக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் டிராவிஸைக் கேளுங்கள். அவருடைய ஒற்றைக் கிதாரில் அந்தக் கணக்கு இன்னும் தீராமல் இருக்கிறது.