கடலுக்குப் போக யாரைக் கேட்க வேண்டும்?

என் அம்மாவுக்கு 63 வயது. கொல்லிமலையில் பிறந்து, கொல்லிமலையிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, சாமை அறுத்து, மிளகு பறித்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இன்றைக்கும் எங்களுக்கு முன்னால் ஏறி வந்து நிற்பார். ஆனால் அவர் கடலைப் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்காகச் சேலம் போயிருக்கிறார். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் நாமக்கல் போயிருக்கிறார். “கடலுக்கா? அங்க நமக்கு என்ன வேலை?” என்று கேட்டே இத்தனை வருடங்கள் போய்விட்டன.

அப்பா கடலைப் பலமுறை பார்த்திருக்கிறார். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போனபோதெல்லாம் இறங்கிக் குளித்துவிட்டு வந்திருக்கிறார். “அங்க உனக்கு என்ன வேலை?” என்று அவரை யாரும் கேட்டதில்லை.

இந்தப் பங்குனியில், மிளகைப் பறித்துக் காயவைத்து விற்ற பிறகு, நாங்கள் நான்கு பெண்கள் கடலுக்குப் போவது என்று முடிவு செய்தோம். அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள், எங்கள் மகளிர் குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா. இடம் தனுஷ்கோடி. செம்மேட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நாமக்கல் வழியாகத் திருச்சி. அங்கிருந்து ரயிலில் இராமேஸ்வரம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும் என்பது அக்கா மகளின் உத்தரவு. தனுஷ்கோடியில் தங்க முடியாது, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் தங்குவது இராமேஸ்வரத்தில். ஒரு நாள் அரிச்சல்முனை வரைக்கும் போய் மணல்மேடுகளைப் பார்ப்பது. மறுநாள் பாக் நீரிணைப் பக்கம், அலை குறைவாக இருக்கும் ஆழமில்லாத தண்ணீரில், வழிகாட்டியோடும் மிதவைச் சட்டையோடும் துடுப்புப் படகு ஓட்டுவது. நான்கு பேர், மூன்று நாள், எங்கள் சேமிப்புப் பணம். இவ்வளவுதான் திட்டம்.

இதை வீட்டில் சொன்னதும் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கூட எந்த ஆம்பளை வருகிறார்? மூன்று நாள் வீட்டில் யார் சமைப்பது? படகு ஓட்டுகிற வயதா அம்மாவுக்கு? வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறாயே, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? ஈரத் துணியோடு நாலு பேர் முன்னால் நிற்பீர்களா? நீர் விளையாட்டு நடத்தும் ஓர் இடத்துக்குப் போன் செய்து விசாரித்தேன். அங்கேயும் முதல் கேள்வி, “லேடீஸ் மட்டுமா மேடம்? ஜென்ட்ஸ் யாரும் வரலையா?” உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, “பக்கத்துல ஒரு வீடு இருக்கு, கேட்டுப் பாக்கலாம்” என்று பதில்.

பிறகு என் கணவர் ஒரு வழி சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். “இராமேஸ்வரம் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிடு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

உண்மைதான். அந்த ஒரு வார்த்தையில் நோட்டில் இருந்த அத்தனை கேள்விகளும் காணாமல் போயின. அதே ஊர், அதே ரயில், அதே நான்கு பெண்கள். கோயில் என்றதும் மாமியாரே கையில் 500 ரூபாய் கொடுத்து, தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார்.

தோழிகளே, இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் கடலில் முங்கி எழுகிறார்கள். ஈரச் சேலையோடு நடந்து கோயிலுக்குள் போய், 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார்கள். ஊற்றுகிறவர்களும் சுற்றி நிற்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அங்கே ஈரத்துணி யாருக்கும் உறுத்தவில்லை. வயது தடையில்லை. ஆக, பெண் கடலில் இறங்குவது இவர்களுக்குப் பிரச்சினையே கிடையாது. அவள் எதற்காக இறங்குகிறாள் என்பதுதான் பிரச்சினை. புருஷன் ஆயுளுக்காக, பிள்ளை படிப்புக்காக, செத்துப்போன மாமனாருக்காக இறங்கலாம். அலை காலில் அடிக்கும்போது சிரிப்பு வருகிறதே, அந்தச் சிரிப்புக்காக இறங்கக் கூடாது.

கோயில் என்ற பொய்க்கு விலையும் உண்டு. எங்களில் மூன்று பேருக்கு மாதவிலக்குத் தேதி பார்க்க வேண்டும். கோயில் என்றால் தள்ளிப்போடும் மாத்திரை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விழுங்கி விழுங்கித் தலைவலியும் வாந்தியும் வந்த மாத்திரை அது. கடலுக்குத் தீட்டு கிடையாது. கடலைப் பார்க்கப் போவதாகச் சொன்னால் அந்த மாத்திரை தேவையில்லை, மாற்று ஏற்பாடும் கழிப்பறையும் போதும். பொய் சொல்லிப் போனால், பொய்யைக் காப்பாற்ற உடம்பைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

“எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தானே” என்பார்கள். சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கடலூர் மாவட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு: இறந்த ஆண்கள் 146, இறந்த பெண்கள் 391. ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணங்களையும் அந்த அறிக்கை அடுக்கியது. ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை அவ்வளவு தெரியவில்லை. பெண்கள் மீன் வாங்கக் கரையில் காத்திருந்தார்கள், வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள். சுனாமி தாக்கிய பல இடங்களில் நீந்தவும் மரம் ஏறவும் ஆண்களுக்கு இருந்த பழக்கம் பெண்களுக்கு இல்லை. இவர்கள் ஊர் சுற்றப் போன பெண்கள் இல்லை. இருக்கச் சொன்ன இடத்தில் இருந்து, செய்யச் சொன்ன வேலையைச் செய்தவர்கள். நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அலைக்கு முன்னால் நீச்சல் தெரிந்தவர்களும் செத்தார்கள். ஆனால் தண்ணீரிலிருந்து பெண்ணைத் தள்ளி வைப்பது பாதுகாப்பு என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

எங்கள் மலையில் பெண் பிள்ளைகள் தண்ணீரை அறியாதவர்கள் அல்ல. ஊற்றிலும் ஓடையிலும் குடம் நிரப்பத் தெரிந்த வயதிலிருந்து தண்ணீரோடுதான் இருக்கிறார்கள். பத்து வயது வரைக்கும் தம்பிகளோடு சேர்ந்து ஓடையில் குதிக்கவும் செய்கிறார்கள். வயதுக்கு வந்த அன்றைக்கு அது நின்றுவிடுகிறது. குடம் மட்டும் இடுப்பில் மிச்சம் இருக்கிறது. அருவியில்கூட, ஆண்கள் அரைக்கால் சட்டையோடு நடுவில் நிற்க, நாம் சுடிதாரும் துப்பட்டாவுமாக ஓரத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு நனைகிறோம்.

தனுஷ்கோடி ஆபத்தான இடம் என்பது எனக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அந்த ஊரையே விழுங்கியது. பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. சர்ச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்றைக்கும் மணலில் நிற்கின்றன. அரிச்சல்முனையில் நீரோட்டம் மோசமானது. அங்கே நாங்கள் இறங்கப் போவதில்லை. கால் நனைத்துவிட்டு வருவோம். கடலை மதிப்பது வேறு, கடலைக் காட்டி நம்மை மிரட்டுவது வேறு. ஒவ்வொரு வருடமும் அருவியிலும் ஆற்றிலும் கடலிலும் இளைஞர்கள் மூழ்கிச் சாகிறார்கள். அதற்காக ஆண்கள் யாரும் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம் என்று எந்த ஊரிலாவது சொல்லியிருக்கிறார்களா? அவர்களுக்குச் சொல்வது “பார்த்துப் போ.” நமக்குச் சொல்வது “போகாதே.”

நாங்கள் போகிற அதே தீவில், பாம்பன், சின்னப்பாலம் பக்கம், பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி. மூச்சை அடக்கி உள்ளே போய்ப் பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். மறுபடி முங்குகிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் போய்வந்த தீவுகளுக்கு அவர்களே அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள். அந்தப் பெண்களின் உரிமைக்காக நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. ‘மீனவர்’ என்று சொன்னால் நம் மனதில் ஏன் ஓர் ஆண் மட்டும் வருகிறார்? இந்தப் பெண்களைப் பார்த்த பிறகும் “பொம்பளைக்கு எதுக்குக் கடல்” என்று ஒருவர் சொன்னால், அவர் கடலையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை.

நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வரும். கூலி, குடி, அடி என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது உல்லாசப் பயணம் ஒரு பெண்ணியப் பிரச்சினையா? வசதியானவர்களின் கவலை இல்லையா இது?

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். அதே வேலையைச் செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். வசதியான பெண்ணுக்கு இந்த வேலையைச் செய்ய இன்னொரு பெண் கிடைத்துவிடுகிறாள். ஓய்வு பறிபோவது ஏழைப் பெண்ணுக்குத்தான், மலைப் பெண்ணுக்குத்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம். ஆனால் அதையும் வேலைக்குப் போகிற, மருத்துவமனைக்குப் போகிற, பிள்ளையைப் பள்ளியில் விடுகிற பெண்ணைக் காட்டித்தான் நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. “சும்மா போனேன்” என்று சொல்லும் பெண்ணுக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை. கூலி கேட்பதும் ஓய்வு கேட்பதும் ஒரே சண்டைதான். என் நேரம் யாருடையது என்பதுதான் இரண்டிலும் கேள்வி.

அதனால் எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும், மலையிலும் கடலோரத்திலும் முதலில். சுற்றுலாக் கடற்கரை என்று பலகை வைக்கும் இடத்தில் பூட்டு உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்க வேண்டும். நீர் விளையாட்டுச் சொல்லித்தரும் வேலைக்கு, மூச்சடக்கி முங்கத் தெரிந்த அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

படிக்கிற பெண்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அம்மா கடலைப் பார்த்திருக்கிறாரா? பார்த்திருந்தால், கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி இல்லாமல் பார்த்திருக்கிறாரா? இன்றைக்கு இரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.

எங்கள் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கணவர் சொன்ன வழியை அம்மாவிடம் சொன்னேன். “கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாமா அம்மா? சண்டை மிச்சம்.” அம்மா முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“கோயிலுக்கும் போவோம். சாமி கும்பிட எனக்கும் ஆசைதான்” என்றார். “ஆனா உங்கப்பன் கேட்டா கடலைப் பாக்கப் போறேன்னுதான் சொல்லுவேன். சாமி மேல பழியப் போட்டுட்டு எதுக்குப் போகணும்?”

அன்று மாலை அப்பாவிடம் அவரே சொன்னார். அப்பா வழக்கம்போல, “அங்க உனக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

“ஒரு வேலையும் இல்ல” என்றார் அம்மா. “அதுக்குத்தான் போறேன்.”