சிறிய படகு போதும்

நம் சபை வாலிபரில் பலர் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் காட்சிகளில் ஒன்று, பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றும் தம்பதியரின் வாழ்க்கை. நீலக் கடல், தென்னை மரம், படகின் மேல்தட்டில் காலை உணவு. பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும். "அவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. நமக்கு மார்ட்கேஜும் நைட் ஷிப்டும்தான்." அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் எழுத விரும்புகிறோம். அந்த வாழ்க்கையில் நாம் பார்த்து ஏங்குவது கடற்கரையை. கற்றுக்கொள்ள வேண்டியதோ படகுக்குள்ளே இருக்கிறது.

நியூசிலாந்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் டோங்கா, பிஜி பக்கமிருந்து பாய்மரப் படகுகள் ஆயிரம் கடல் மைலுக்கு மேல் கடந்து, நம் வடக்கே இருக்கும் ஓபுவா துறைக்கு வந்து சேர்கின்றன. காரணம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென் பசிபிக்கில் புயல் காலம். அது முடிந்ததும், மே மாதவாக்கில் மறுபடி வடக்கே புறப்படுவார்கள். மனம்போல் திரிகிறார்கள் என்று நாம் நினைக்கும் இந்த மக்கள், காலண்டருக்கும் காற்றுக்கும் நம்மைவிட அதிகமாகக் கட்டுப்பட்டவர்கள்.

பனாமா வழியாக வருபவர்கள் கலாபகஸ் தீவுகளை விட்டால், அடுத்து மார்க்கேசாஸ் தீவுகளைக் காண ஏறத்தாழ 3,000 கடல் மைல் போகவேண்டும். சிறிய படகு ஒன்று நாளுக்கு 120 மைல் ஓடினால் 25 நாள். இரண்டே பேர் இருக்கும் படகில் இரவு முழுவதும் இருவரும் தூங்க முடியாது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் காவல் இருக்கவேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கப்பலின் விளக்கு தெரிந்தது, எந்தக் கயிறு தேய்ந்திருக்கிறது என்று மற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகவேண்டும். வார்டில் வேலை செய்யும் நமக்கு இது நன்றாகத் தெரியும். இதற்குப் பெயர் ஹேண்டோவர்.

நம் தொழில் கண்ணோடு பார்த்தால் இன்னும் சில தெரியும். வெப்பமண்டலத் தீவுகளில் பவளப்பாறை கீறிய சின்னக் காயம்கூடச் சீக்கிரம் சீழ் பிடிக்கும். அங்கே பிடித்த பெரிய மீனைச் சாப்பிட்டால் சிகுவாடெரா என்ற நஞ்சேற்றம் வரலாம். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மருத்துவமனை பல நாள் தொலைவில் இருக்கலாம். காயத்தைக் கழுவிக் கட்டுவதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் கணவனோ மனைவியோதான். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போக அங்கே இன்னோர் அறையும் கிடையாது.

இந்த வாழ்க்கையை உலகம் அறிய வாழ்ந்தவர்கள் லின் பார்டி, லாரி பார்டி தம்பதியர். லாரி கனடாக்காரர், லின் அமெரிக்கர். தங்கள் கையாலேயே கட்டிய 'செராஃபின்' என்ற படகை 1968-இல் கலிபோர்னியாவில் கடலில் இறக்கினார்கள். அதன் நீளம் 24 அடிதான். எஞ்சின் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குதான். அதில் 11 ஆண்டுகள் உலகைச் சுற்றினார்கள். பின்பு ஏறத்தாழ 30 அடி நீளத்தில் 'டலேசின்' என்ற இரண்டாவது படகையும் தாங்களே கட்டினார்கள். அதிலும் எஞ்சின் வைக்கவில்லை. போகும் இடமெல்லாம் படகு பழுது பார்த்தும், பிறர் படகுகளை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்த்தும், எழுதியும் பிழைத்தார்கள். கடைசியில் வீடு அமைத்துக்கொண்டது ஆக்லாந்துக்கு அருகிலுள்ள கவாவ் தீவில்.

அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்ன ஆலோசனையின் சாரம் இது: பெரிய படகுக்குப் பணம் சேரட்டும் என்று காத்திராமல், கையிலிருப்பதற்கு ஏற்ற சிறிய படகில் எளிய சாமான்களோடு இப்போதே புறப்படுங்கள். லாரி 2020-இல் காலமானார். அதற்குள் இருவரும் 2 லட்சம் மைலுக்கு மேல் கடலில் சென்றிருந்தார்கள். முதலில் பெரிய படகு, பிறகு பயணம் என்று இருந்திருந்தால் அந்த மைல்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

"இதெல்லாம் வசதியான நாட்டுக்காரர்களுக்கு. ஊரில் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்பவேண்டும், தங்கைக்குக் கல்யாணம் செய்யவேண்டும், நாம் எங்கே படகேறுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எந்தத் துறையிலும் மதிக்கப்படும் பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. நம் சபையிலோ படகு என்றதும் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த இரவை நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் போய்க் கடற்பயணம் இன்பம் என்று சொல்ல மாட்டோம். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. ஊருக்கு அனுப்பியதுபோக மிஞ்சுவதை எதற்குக் கொடுக்கிறோம்?

நம் இளம் தம்பதியரைப் பாருங்கள். அவர் பகல் வேலை, அவள் இரவு வேலை. மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளையும் கார் சாவியும் கைமாறும். "பால் குடிச்சாச்சு, டயப்பர் மாத்தணும்" என்று இரண்டு வார்த்தை. அதுவும் ஹேண்டோவர்தான். ஆனால் படகில் காவல் மாறுகிறவர்கள் அன்று மதியம் ஒரே தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நம்மவர்கள் அடுத்த வாரமும் அதே கார் நிறுத்துமிடத்தில்தான் சந்திப்பார்கள். பலருக்கு இது தவிர்க்க முடியாத நெருக்கடி. சிலருக்கோ நான்காவது படுக்கையறைக்கும் புதிய காருக்கும் கொடுக்கும் விலை. இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேசவேண்டும். "ரிட்டயர் ஆனதும் சேர்ந்து போகலாம் என்றிருந்தோம்" என்ற வார்த்தையை நோயாளியின் படுக்கையருகே கேட்டுப் பழகியவர்கள் நாம். நம் வீட்டில் அதையே சொல்லலாமா?

ஆகவே திருமணத்துக்கு ஆயத்தமாகும் வாலிபருக்கும், புதுமணத் தம்பதியருக்கும் நாம் சொல்வது: முதலில் படகின் அளவைத் தீர்மானியுங்கள். எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியைக் கேட்கும் முன், வாரத்துக்கு எத்தனை வேளை சேர்ந்து சாப்பிடவேண்டும் என்று உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். ரோஸ்டர் வந்தவுடன் இருவரும் உட்கார்ந்து, அந்த வேளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா ஷிப்டுக்கு அழைப்பு வந்தால், அது எதற்கான பணம் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். மருத்துவச் செலவுக்கா, ஊருக்கா, அல்லது இன்னும் பெரிய படகுக்கா? பதில் தெரிந்தபின் போனால் மனக்கசப்பும் குறையும்.

சபையின் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அங்கிள், ஆன்ட்டி, ஆராதனை முடிந்து தேநீர் வேளையில் புதுமணத் தம்பதியரைப் பார்த்ததும், "வீடு வாங்கியாச்சா? எத்தனை பெட்ரூம்?" என்று அன்போடுதான் கேட்கிறீர்கள். அந்த அன்பான கேள்வியே சிலரை இன்னும் இரண்டு நைட் ஷிப்டுக்கு அனுப்பிவிடுகிறது. அடுத்த ஞாயிறு அதை விட்டுவிட்டு, "இந்த வாரம் ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், ஒரு மாலை பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் மூன்றாவது ஆள் ஒருவர் காவலுக்கு வந்தால், அன்றிரவு இருவரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.