பாத்து செஞ்சா திருட்டா?

"இருக்குற மெஷினைப் பிரிச்சுப் பாத்து வரைஞ்சிட்டு, அதுக்கு ஓப்பன் சோர்ஸ்னு பேரு வெச்சா ஆச்சா? காப்பிதானே மச்சி அது?"

நேத்து டீ குடிக்கும்போது ஆபீஸ் நண்பன் கேட்டது. (இவன் எழுதுற ப்ரோகிராம்ல பாதி, எவனோ எழுதி இலவசமா குடுத்த லைப்ரரிங்கிறது வேற விஷயம் :-))

முப்பரிமாண பிரிண்டரையே எடுத்துக்குங்க. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்கா படியவைக்கிற முறைக்கு, ஸ்ட்ராட்டஸிஸ் நிறுவனத்தைத் தொடங்கின ஸ்காட் கிரம்ப் 1989-ல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். காப்புரிமைன்னா என்ன? 'எப்படிச் செஞ்சேன்னு ஊருக்கே சொல்லிடறேன், பதிலுக்கு இருபது வருஷம் வேற எவனும் செய்யக் கூடாது'ங்கிற ஒப்பந்தம். படிக்கிறதுக்குத்தான் அந்த ஆவணத்தையே வெளியிடுறாங்க. அதைப் படிச்சா திருட்டுன்னா எப்படிங்க? அந்தக் காப்புரிமையும் 2009-லயே முடிஞ்சு போச்சு.

2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் திட்டத்தை ஆரம்பிச்சார். முறை அதேதான். ஆனா மெஷினை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிக்கல. சட்டத்துக்கு ஹார்டுவேர் கடையில கிடைக்கிற மரை போட்ட கம்பி. பிளாஸ்டிக் பாகங்களை இன்னொரு ரெப்ராப்பே அச்சடிச்சுக் குடுக்கும். சூடான அறைக்குள்ள வெச்சு அச்சடிக்கிற வித்தைக்கு ஸ்ட்ராட்டஸிஸ் தனியா வாங்கின காப்புரிமை 2021 வரைக்கும் இருந்துச்சு. நம்மாளுங்க அடித்தட்டை மட்டும் சூடாக்கிச் சமாளிச்சாங்க. 'இந்தப் பாகம் எதுக்கு? இது இல்லாம ஓட்ட முடியுமா?'ன்னு ஒவ்வொண்ணா கேட்டாத்தான் இதெல்லாம் வரும். நாலு வருஷ காலேஜ்ல எனக்கு யாரும் சொல்லித் தராத இன்ஜினியரிங் சாமி இது!

எனக்கு உறுத்துறது வேற. ரெப்ராப் போட்ட பாதையில 2009-ல் மேக்கர்பாட் வந்துச்சு. வரைபடமெல்லாம் திறந்தே வெச்சிருந்தாங்க. 2012-ல் ரெப்ளிகேட்டர் 2 வந்தப்ப மூடிட்டாங்க. நிறுவனர்கள்ல ஒருத்தரான ஸாக் ஸ்மித்தே வெளிப்படையா எதிர்த்தார். 2013-ல் கம்பெனியை வாங்கினது யாரு? ஸ்ட்ராட்டஸிஸ்! எங்க சுத்தியும் ரங்கனைச் சேவி. சட்டப்படி சரியாவே இருக்கட்டும். ஊர்க் கிணத்துல தண்ணி மொண்டவன், தன் முறை வந்ததும் வேலி போட்டா அதுக்கு என்ன பேரு?

போன மாசம் என் பிரிண்டர்ல இழையை அழுத்திப் பிடிக்கிற கை விரிசல் விட்டுடுச்சு. முகம் தெரியாத யாரோ வெர்னியர் வெச்சு அளந்து போட்டிருந்த வரைபடத்தை இறக்கினேன். அச்சடிச்சுக் குடுத்தது, மேல கேள்வி கேட்ட அதே மகராசன்தான்.

துளை அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு, திருத்திட்டேன். திருத்தின வரைபடம் இன்னும் என் பொட்டியிலதான் தூங்குது. இன்னைக்கு ராத்திரி ஏத்திடறேன், அதுக்கப்புறம் வந்து திட்டுங்க.