கடற்கரையில் சவுக்கு: கொஞ்சம் நிறுத்துங்க சாமி

சவுக்குன்னதும் சாட்டையோன்னு பயப்படாதீங்க மக்களே, மரத்தைத்தான் சொல்றேன். எங்க அம்மையார்குப்பத்துல தறிச் சத்தம் உண்டு, கடல் கிடையாது. அங்க நான் பார்த்த சவுக்கெல்லாம் பந்தக்கால், சாரம், அடுப்பு விறகு. மரமா நின்னு பார்த்தது சென்னைக்கு வேலைக்கு வந்தப்புறம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலதான்.

போன வருஷம் ஆபீஸ்ல மரம் நடறோம்னு பஸ் வச்சு கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மணல்மேட்டுல படர்ந்திருந்த அடும்புக் கொடியைக் 'களை'ன்னு பிடுங்கச் சொன்னாங்க. பிடுங்கினோம். மேட்டைச் சமமாக்கி சவுக்கு நட்டோம். டீ ஷர்ட், போட்டோ, பிரியாணி. நானும் பெருமையா படம் போட்டேன். அப்புறம் இதைப் பத்திப் படிச்சா வயித்தைக் கலக்குது.

அந்தக் 'களை'தான் மணலைப் பிடிச்சு வச்சிருக்கற ஆளு. அடும்பும் ராவணன் மீசைப் புல்லும் காத்துல வர்ற மணலைத் தடுத்துத் தடுத்துத்தான் மணல்மேடே உருவாகிறது. கடல் பொங்கினா முதல் அணை அதுதான். அதை மட்டம் தட்டிட்டு, காப்பாத்தறதுக்கு மரம் வைக்கறோமாம்! சவுக்கு உதிர்க்கற ஊசிச் சருகு மெத்தை மாதிரி மூடிக்கிட்டா கீழ வேற செடி தலைதூக்கறது கஷ்டம். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் முட்டையிட வர்ற பங்குனி ஆமைக்கு வேண்டியது திறந்த மணல். வேரும் சருகுமா இருந்தா அது எங்க போய்க் குழி தோண்டும்?

"2004 சுனாமியில சவுக்குதானே காப்பாத்துச்சு?"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். கடலூர் பக்கம் அலையாத்தியும் சவுக்குத் தோப்பும் அலையோட வேகத்தைக் குறைச்சதுன்னு 2005-ல 'சயின்ஸ்' இதழ்ல ஆய்வே வந்திருக்கு. ஒத்துக்கறேன். ஆனா இருக்கற மணல்மேட்டை இடிச்சுட்டு நடுங்கன்னு யார் சொன்னது?

மரத்து மேல எனக்குக் கோபமில்லை. வேர்முடிச்சுல இருக்கற பிராங்கியா நுண்ணுயிர் காத்துல உள்ள நைட்ரஜனை அதுக்கு உரமாக்கித் தருது. நாலஞ்சு வருஷத்துல வெட்டுக்கு வந்துடும். கம்பம், விறகு, காகிதக் கூழ்னு விவசாயி கையில காசு. கடலூர், விழுப்புரம் பக்கம் பட்டா நிலத்துல தாராளமா போடட்டும். கடலோர மணல்மேடு யாருடைய பட்டாவும் இல்லையே.

இந்த வருஷமும் மெயில் வந்தது. "வர்றேன், கொடியில கை வைக்க வேண்டாம், மேட்டுக்குப் பின்னாடி தள்ளி புன்னையும் தாழையும் நடலாம்"னு பதில் போட்டேன். பதிலுக்கு டீ ஷர்ட் சைஸ் கேட்டிருக்காங்க.