காலையில் மிதிக்கும் முதல் பிரேக்



பிரேக் பேட் தேய்ந்து மாற்றும் நேரம் வந்ததும் உங்களில் பலர் எங்களுக்கு எழுதுகிறீர்கள். கம்பெனி பேடே போடலாமா, செராமிக் போடலாமா, "நல்லா கடிக்கிற" ரேஸிங் பேட் ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். மூன்றாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் காரை மிகவும் நேசிக்கும் இளைஞர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

பேடின் வேலை, ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் சூடு, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் இதைவிடப் பெரிய பிரேக்கிங் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நடக்கிறது. இடையில் பேட் ஆற நேரமே கிடையாது. அதைத் தாங்கத்தான் ரேஸிங் பேட். அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுசாகப் பிடிக்கும். நம் தெருவில் அந்தச் சூடு வரவே வராது. காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனை திரும்பும்போது ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால், ஆறிக் கிடக்கும் பேட் முதல் மிதியிலேயே பிடித்தாக வேண்டும். தினமும் ஓட்டும் காருக்கு நான் பார்க்கும் முதல் தகுதி அதுதான். ரேஸிங் பேட் அதில்தான் பின்தங்குகிறது. போதாததற்குக் கீச்சிடும், டிஸ்க்கையும் சீக்கிரம் தின்றுவிடும்.

பல பேடுகளின் ஓரத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது சூடேறிய பிறகு உள்ள உராய்வு. 'ஈ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. தெருவில் ஓடும் காருக்கு 'எஃப்எஃப்' தாராளம். பேட் எத்தனை நாள் உழைக்கும், சத்தம் போடுமா என்பதையெல்லாம் இந்த எழுத்துகள் சொல்லாது. பெரிய எழுத்தைத் தேடி ஓடவும் வேண்டாம். முன் சக்கரத்துக்கு எவ்வளவு பிடிப்பு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் காரைச் செய்தவர்கள் பிரேக்கை அமைத்திருக்கிறார்கள். முன்பக்கம் மட்டும் கடியை ஏற்றினால் அந்தக் கணக்கு குலையும்.

செராமிக் பேட் பற்றி இரண்டு வரி. சத்தம் குறைவு, சக்கரத்தில் படியும் கரித்தூசி குறைவு, விலை கூடுதல். நகரத்தில் ஓட்டுபவர் விருப்பப்பட்டால் போடலாம். சூப்பர் கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"நான் அடிக்கடி மலை ஏறுகிறேன், எனக்காவது ரேஸிங் பேட் வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு: அங்கும் வேண்டாம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடிக்கும், பிரேக் ஆற நேரம் கிடைக்கும். அடுத்து பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். தர விதிப்படி புது டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை போகும், எவ்வளவு விலையுள்ள பேடும் அப்போது உதவாது. கார்க் கையேட்டில் சொன்ன வகையை, பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

எங்கே வாங்குவது? கார் கம்பெனியின் பேட், அல்லது கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் பேட். அப்படிப்பட்ட நிறுவனங்கள் நம் பாடி, அம்பத்தூர் பகுதிகளிலேயே இருக்கின்றன. பில் கேட்டு வாங்குங்கள். பேர் தெரியாத மலிவுப் பேடில் எனக்குள்ள பெரிய பயம், உராய்வுப் பொருள் பின்தகட்டிலிருந்து கழன்றுவிடுமோ என்பது. எந்தப் பேடானாலும் உராய்வுப் பொருள் நாலு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தாலே புதுசுக்குத் தயாராகுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒரு வேண்டுகோள். மெக்கானிக் தம்பி, பேடைப் பிடித்திருக்கும் காலிபரில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதப் போனால் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி அவருடைய நுரையீரலுக்குப் போகிறது. பழைய வண்டி என்றால் அதில் கல்நார்கூட இருக்கலாம்.

புதுப் பேட் போட்டதும் நாலைந்து முறை பெடலை அழுத்தி அது கெட்டியானபின்தான் வண்டியை நகர்த்த வேண்டும். முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்வரை பிடிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும், முன்னே போகும் வண்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்