ஆற்றைக் கடந்த பின்னும் வேலி

உறையூர்ப் பாணர் ஒருவர் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார் என்பதும், எதிரே தெரிந்த அரங்கத்துள் அடிவைக்கும் உரிமை தம் பிறப்புக்கு இல்லையென்று அக்கரைக்குச் செல்லாமலே காலங்கழித்தார் என்பதும், நீரெடுக்க வந்த உலோகசாரங்கர் என்னும் பூசகர் கல்லெறிந்து அவரை விலக்கினார் என்பதும், பின்னர் அப் பூசகரே அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டு சென்றார் என்பதும் மாலியத்தார் போற்றிவரும் கதை. திருப்பாணாழ்வார் கதையைக் கேட்டு உருகாத அன்பர் திருவரங்கத்தில் இல்லை. உருகட்டும், அதில் நமக்கு மாறுபாடில்லை. நாம் கேட்பது வேறு. தோளேறிச் சென்றவர் ஒருவர். அவர் பிறந்த சேரியில் எஞ்சியிருந்தோர் எத்துணைப் பேர்? அவர்தம் பிள்ளைகள் எங்கு அமர்ந்து எழுத்தைக் கற்றனர்?

கற்கவில்லை என்பதே விடை. ஊர்ப் பள்ளி என்பது கோயில் மண்டபத்தில் நடந்தது. அன்றேல் அக்கிரகாரத்துத் திண்ணையில் நடந்தது. அதுவும் அன்றேல் ஊர்ச் சாவடியில் நடந்தது. அவ்விடங்களில் சேரிப்பிள்ளை நடந்து செல்லவே தடையிருந்தது. பள்ளி எல்லார்க்கும் பொது என்று ஆங்கிலவர் ஆட்சியில் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. பள்ளிக்குச் செல்லும் தெரு பொதுவாக இல்லை. எனவேதான் 1890களில் பஞ்சமர் பள்ளிகள் என்னும் பெயரில் தனிப் பள்ளிகளைச் சென்னை மாநிலத்தில் ஊக்கத் தொடங்கினர். 1919இல் ஓர் அரசாணை வந்தது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் பள்ளிகள் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மறுக்கக்கூடாது என்றும், அவர்கள் நுழைய முடியாத இடங்களில் உள்ள பள்ளிகளை எல்லாரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றவேண்டும் என்றும் அது கூறியது. ஆணை ஏட்டில் தங்கியது, ஊர் மாறவில்லை. அடுத்துத் தொழிலாளர் துறையின் பொறுப்பில் தனிப் பள்ளிகள் பெருகின. 'லேபர் பள்ளி' என்று முதியோர் இன்றும் சொல்வது அவற்றைத்தான். துறையின் பெயர் பின்னாளில் அரிசன நலத்துறை என்றாயிற்று. அதன்பின் ஆதித்திராவிடர் நலத்துறை என்றாயிற்று. பள்ளிகள் மட்டும் அதே சேரியின் ஓரத்தில் நின்றன. இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை தமிழ்நாடெங்கும் நிற்கின்றன. திருச்சியை ஒட்டிய காட்டூரிலும் உண்டு.

இப் பள்ளிகளை இகழ்ந்து பேசுவது எளிது. நாம் அவ்வாறு பேசமாட்டோம். வேறெந்தக் கதவும் திறவாத நாளில் இவைதாம் திறந்தன. இவற்றிற் படித்து எழுந்தோர் பல்லாயிரவர். ஆனால் குளிருக்குப் போர்த்திய போர்வையே பின்னர்க் கட்டும் கயிறாவது போல், அடைக்கலமாய் எழுந்த சுவரே நாளடைவில் வேலியுமாயிற்று. 'அவர்களுக்குத்தான் தனிப்பள்ளி இருக்கிறதே, இங்கு ஏன் வரவேண்டும்?' என்று ஊர் கேட்கத் தொடங்கியது.

பொதுப்பள்ளிக்குள் நுழைந்த பின்னர் மட்டும் என்ன நிகழ்ந்தது? யாம் சிறு அகவையில் படித்த ஓர் ஊர்ப்பள்ளியில் தண்ணீர்ப் பானையருகே ஒரு மாணவன் நின்று முகந்து ஊற்றுவான். சிலர்க்குக் குவளையில் கொடுப்பான். சிலர்க்குக் கையை ஏந்தச்சொல்லி ஊற்றுவான். எட்டு அகவையில் எமக்கு அது விந்தையாகப் படவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்றிருந்தோம். அவ்வாறு இருந்ததுதான் இன்றும் நெஞ்சைச் சுடுகிறது.

தண்ணீரும் சோறுந்தாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாதி அமரும் இருக்கை. இதனைத் திருச்சி நன்கு அறியும். திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனைத் துய்த்தவர், இலண்டனில் வழக்கறிஞர் படிப்பு முடித்தும் ஆங்கில அரசுக்கு உறுதிமொழி கூற மறுத்தவர். அவர் 1922இல் நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். பேராயக் கட்சி பத்தாயிரம் உரூபா தருவதாகச் சொல்லி ஐயாயிரம் தந்தது. பார்ப்பனரல்லாத செல்வரும் வாரி வழங்கினர். அங்கே பார்ப்பன மாணவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளிவந்தபொழுது நாடே கொதித்தது. ஐயர் தம்மளவில் வேற்றுமை பாராட்டாதவர் என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். பெற்றோர்க்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். நாம் அதனை நம்புகிறோம். நம்புவதனால்தான் கூடுதலாக வருந்துகிறோம். நல்லவர் ஒருவரின் பள்ளியிலும் பந்தி இரண்டாய்ப் பிரியும் என்றால், அக் கேட்டினைத் தனி மாந்தரின் நல்லியல்பு நீக்கிவிடாது என்பது தெளிவாகவில்லையா?

பெரியாரும் வரதராசுலுவும் திரு.வி.க.வும் அதனை எதிர்த்தனர். காந்தியாரும் இடையிட்டுப் பார்த்தார். பூசல் தணியவில்லை. 1925 ஏப்பிரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாட்டுப் பேராயக் குழுவில்தான் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானம், எசு. இராமநாதன் கொண்டுவந்து, நிறைவேறியது. அதனைப் பொறாது இராசாசி முதலியோர் குழுவை விட்டு விலகினர். அடுத்த சூன் திங்களில் ஐயர், பாபநாசம் அருவியில் தம் மகளைக் காக்கப் பாய்ந்து உயிர்நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் பெரியார் அக் கட்சியை விட்டே வெளியேறினார். இத்தனைக்கும் வித்து இரண்டு இலைகள்.

தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2023 செப்டம்பரில், முன்னாளில் திருச்சி மாவட்டத்தின் பகுதியாய் இருந்த கரூர் மாவட்டத்து வேலன்செட்டியூரில், அரசின் காலைச் சிற்றுண்டியைத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணவிடவில்லை. மாவட்ட ஆட்சியரே சென்று அப் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்டார். அன்று தடுத்தோர் பார்ப்பனர் அல்லர் என்பதை இங்கு மறைக்காமல் எழுதவேண்டும். பார்ப்பனியத்தைப் பழித்துக்கொண்டே அதன் பந்திமுறையைத் தம் வீட்டுக் கொல்லையில் வளர்ப்பவரை நம் மேடைகளிலும் காண்கிறோம்.

இராசாசியார் 1953இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று தமிழ்நாடு இனங்கண்டு எதிர்த்தது. காமராசர் முதலமைச்சரான பின், 1954 மே திங்களில் அது கைவிடப்பட்டது. அதே மே திங்களில்தான் அமெரிக்க உச்ச முறைமன்றம், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பொதுப்பள்ளி என்பது சமன்மை ஆகாது என்று தீர்ப்புரைத்தது. இரண்டு நாடுகளும் ஒரே திங்களில் கதவைத் திறந்தன. ஆனால் அங்கே நிகழ்ந்த அடுத்த காட்சியை நம்மவர் பலர் அறியார். கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர் வெளியேறிவிட்டனர். தெட்ராய்ட்டு நகரத்து வெள்ளையர் புறநகர்களில் குடியேறிக்கொண்டே போயினர். நகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளே பெரும்பாலராய் எஞ்சினர். புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துக் கலக்கவேண்டும் என்று வழக்கிட்டபொழுது, 1974இல் அதே உச்ச முறைமன்றம் புறநகர்களைக் கட்டாயப்படுத்த முடியாதென்று கைவிரித்தது. சட்டம் பிரிக்கவில்லை, எல்லைக்கோடு பிரித்தது.

நம் நாட்டு எல்லைக்கோட்டைக் காண விரும்புவோர் காலை எட்டுமணிக்குக் காவிரிப் பாலத்தில், சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் இடையில், கால்மணி நேரம் நின்று பார்க்கட்டும். மஞ்சள் வண்ண ஊர்திகளில் கழுத்துக்கச்சை இறுகக் கட்டிய பிள்ளைகள் ஆங்கிலவழிக் கட்டணப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். நகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டும் நடந்தும் செல்வோர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். முன்னவருள்ளும் ஏழையர் உண்டு. குருதி விற்றுக் கட்டணம் கட்டும் பெற்றோர் உண்டு. ஆயினும் பொதுவில் எந்த வீட்டுப் பிள்ளை எதில் செல்கிறது என்பதற்குக் கணக்கெடுப்பு வேண்டுவதில்லை. தாழ்த்தப்பட்ட பிள்ளை பொதுப்பள்ளிக்குள் உரிமையோடு வந்து அமர்ந்ததும், அப் பள்ளியை விட்டு மற்றவர் எழுந்து போயினர். தெட்ராய்ட்டில் ஊரைவிட்டுப் போனார்கள். நாம் மொழியை விட்டுப் போனோம். இதுதான் நம் நாட்டுக்கே உரிய பிரிவினை. அங்கே தோல் எல்லை. இங்கே பயிற்றுமொழி எல்லை. தமிழில் கற்பது வேறு வழியற்றவனின் அடையாளம் என்னும் நிலையை நாமே உண்டாக்கினோம்.

இதனைத் திருத்தும் முயற்சிகள் நிகழாமலில்லை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழே பயிற்றுமொழி என்று 1999இல் பிறந்த அரசாணையை 2000இல் உயர்முறைமன்றம் தள்ளிவிட்டது. நால்வகைப் பாடத்திட்டங்களை ஒன்றாக்கிய சமச்சீர்க் கல்வி, 2011இல் உச்ச முறைமன்றம் வரை சென்றுதான் நிலைத்தது. பாடநூல் ஒன்றாயிற்று, பள்ளி ஒன்றாகவில்லை. ஒரே நூலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களில் படிக்கிறோம்.

ஆதித்திராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 மார்ச்சு வரவு-செலவுத் திட்ட உரையில் அரசு அறிவித்தது. நாங்குநேரியில் உடன்பயின்ற மாணவரே தாழ்த்தப்பட்ட மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் அரிவாளால் வெட்டிய கொடுமை அவ்வாண்டு ஆகத்தில் நிகழ்ந்தபின், உயர்முறைமன்றத்தின் முன்னாள் நடுவர் சந்துரு தலைமையில் ஒருவர் குழு அமைந்தது. சந்துரு திருவரங்கத்தில் பிறந்தவர். 2024 சூனில் அவர் தந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியடையாளங்களை நீக்கி அனைத்தையும் அரசுப் பள்ளி என்றே வழங்கவேண்டும் என்றது. 2025 ஏப்பிரலில் சென்னை உயர்முறைமன்றமும் அக் கருத்தையே ஆணையாகக் கூறியது.

இணைப்பை எதிர்ப்போர் தாழ்த்தப்பட்டோர் இயக்கங்களிலேயே உள்ளனர். அவர்கள் அச்சம் வெற்றச்சமன்று. இப் பள்ளிகளின் நிலம் அவர்களுக்கென ஒதுக்கிய நிலம். இவற்றின் ஆசிரியப் பணியிடங்கள் அவர்கள் பிள்ளைகள் ஏறிவந்த படிகள். இணைப்பு என்னும் பெயரால் சேரியோரப் பள்ளியை மூடிவிட்டு, ஊர் நடுவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, அங்கே பின்வரிசையில் அமர்த்தினால், அது அடைக்கலத்தையும் பறித்த தீச்செயலாகும். எம் கருத்து இது. பெயர்ப்பலகை உடனே மாறவேண்டும். அதற்கு ஒரு நாள் போதும். நிலமும் பணியிடமும் எழுத்துவழி உறுதிசெய்யப்பட்ட பின்னரே துறை மாறவேண்டும். அதற்கும் மேலாக, போக்கு தலைகீழாக வேண்டும். எப்பொழுதும் சேரிப்பிள்ளைதான் ஊருக்கு வரவேண்டுமா? ஊர்ப்பிள்ளை சேரியோரப் பள்ளிக்கு வந்து படித்தால் என்ன? காட்டூர்ப் பள்ளியை நகரின் தலைசிறந்த பள்ளியாக ஆக்கிக்காட்டுங்கள். பின்னர் எவர் வரமாட்டார் என்று பார்ப்போம்.

திருவரங்கத்தில் இன்னொரு பள்ளியும் உண்டு. எல்லாச் சாதியாரும் அருச்சகராகலாம் என்ற 2006ஆம் ஆண்டு ஆணையின் வழி அமைந்த ஆறு பயிற்சிப் பள்ளிகளுள் அரங்கநாதர் கோயில் நடத்துவதும் ஒன்று. 2023 செப்டம்பரில் பெண்கள் மூவர் அங்குப் பயின்று சான்று பெற்றனர். பாணரை வெளியே நிறுத்திய ஊரில் இது சிறு செய்தியன்று. ஆயின் அதே ஆண்டில், திருச்சிக்கு அண்மையிலுள்ள குமாரவயலூர் முருகன் கோயிலில் 2021இல் அமர்த்தப்பெற்ற பார்ப்பனரல்லாத அருச்சகர் இருவரின் அமர்த்தம் செல்லாதென்று உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புரைத்தது. படிக்கலாம், சான்றும் பெறலாம். கருவறை வாயில் மட்டும் வேறு கணக்கில் திறக்கிறது.

இறுதியாக, நம் அன்பர்களிடம் ஒன்று கேட்கவேண்டியுள்ளது. உத்தரப்பிரதேசத்தில் அரசு ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கவேண்டும் என்று 2015இல் அலகாபாத்து உயர்முறைமன்றம் கூறியது. அது நடைமுறைக்கு வரவில்லை. வருமென்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. அரசு அலுவலரை விடுங்கள். தனித்தமிழ் பேசுவோரும், தூயதமிழ்ப் பெயர் சூட்டுவோரும், சாதியொழிப்பு மாநாட்டுக்குத் துண்டறிக்கை கொடுப்போருமான நம்முள் எத்தனைப் பேர் வீட்டுப் பிள்ளைகள் தெருமுனை அரசுப்பள்ளியில் தமிழ்வழியில் படிக்கின்றனர்? இவ்விதழைக் கையில் வைத்திருப்போர் வருகின்ற சூன் திங்களில் எந்த வாயிலில் பிள்ளையின் கைபிடித்து நிற்கப்போகிறீர்கள் என்பதை எமக்கு எழுதுங்கள். ஆங்கிலவழிப் பள்ளிதான் என்றால் அதற்குரிய காரணத்தையும் எழுதுங்கள், மறைப்பின்றி வெளியிடுவோம்.