சித்திரை ஒன்று, டுசல்டார்ஃப்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1919-இல் எழுதிய வைமார் சட்டத்தில் ஞாயிறு ஓய்வு நாள் என்று ஒரு பிரிவு இருந்தது. 1949-இல் புதுச் சட்டம் எழுதியவர்கள் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் நகரம் விட்டுக்கொடுத்தபோது தேவாலயங்கள் வழக்குப் போட்டு, 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் வென்றன. ஞாயிறன்று சுவரில் துளை போடக் கூடாது, புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது, காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பக் கூடாது. மளிகை, துணி, செருப்பு எல்லாம் பூட்டு. ரயில் நிலையக் கடைகளுக்கும் பெட்ரோல் பங்குக்கும் விலக்கு. ரொட்டிக் கடை காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும்.

இவற்றில் பாதியை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீதியைப் பசித்துத் தெரிந்துகொண்டேன்.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு. குரோதி வருடப் பிறப்பு. மறுநாள் டுசல்டார்ஃபில் ‘டியூப்’ கண்காட்சி தொடக்கம். ஈராண்டுக்கு ஒருமுறை உலகத்தின் குழாய்க்காரர்கள் அத்தனை பேரும் கூடுகிற இடம் அது. என் பிழைப்பு குழாய்தான். சிங்கப்பூரில், ஜூரோங் தீவின் ஆலைகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் எஃகுக் குழாய் வாங்கித் தரும் நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். அப்பா திருச்சி பெல்லில் சீம்லெஸ் பைப் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் மன்னஸ்மன் என்ற பெயர் எங்கள் வீட்டில் சோறு போடும்போதே அடிபடும். ரைன்ஹார்ட், மாக்ஸ் என்ற அண்ணன் தம்பி 1880-களில் திண்ணென்ற எஃகுத் தண்டைச் சாய்வு உருளைகளுக்கிடையே உருட்டியே நடுவில் துளை விழவைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கம்பெனியின் தலைமையகம் 1893-இல் டுசல்டார்ஃபுக்கு வந்தது. 2000-இல் வோடஃபோன் அதை விழுங்கியது. ஊரின் பெரிய குழாய் ஆலை பிரெஞ்சுக்கார வலூரெக்கின் கைக்குப் போய், 2023 முடிவில் அதுவும் மூடப்பட்டது. ரைன் ஆற்றங்கரையில் ஒரு பகுதிக்கு இன்னும் மன்னஸ்மன் கரை என்றுதான் பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்பினேன். ‘ஆலை எங்கே?’ என்று பதில் வந்தது.

முன்பு சிங்கப்பூரிலிருந்து இந்த ஊருக்கு நேர் விமானம் இருந்தது. 2016-இல் விட்டார்கள், கோவிட்டோடு நின்றது. இப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். கண்காட்சி வாரத்தில் ஓட்டல்காரர்கள் வாடகையை இரட்டிப்பாக்கிவிடுவதால், முன்கூட்டியே போய் உடம்பைச் சரிசெய்துகொள் என்று அலுவலகம் சொல்வதில்லை. மலிவான விமானம் சனிக்கிழமை கிடைத்தது, அவ்வளவுதான்.

காலையில் அம்மா கூப்பிட்டாள்.

“வருஷப் பொறப்பும் அதுவுமா என்னடி சாப்ட்டே?”

“ரொட்டிம்மா.”

“மாங்கா பச்சடி?”

“இங்க எங்கம்மா மாங்கா.”

“ஊருக்கு வரணும்னு இருக்கா?”

இருந்தது. ஆனால் மனம் போன ஊர் திருச்சி இல்லை, சிங்கப்பூர். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? புலம்பெயர்ந்தவளின் ஏக்கம் பிறந்த ஊருக்கு நேரே போக வேண்டும் என்பது மரபு. என்னுடையது வழியில் இறங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும்போது திருச்சிக்கு ஏங்குகிறேன். அதையும் தாண்டி மேற்கே வந்தால் சிங்கப்பூருக்கு ஏங்குகிறேன். இத்தனைக்கும் அது என் ஊர் இல்லை. என்னிடம் இருப்பது ஈபி என்ற வேலை அனுமதிதான். முதலில் இரண்டு வருடம், புதுப்பித்தால் மூன்று வருடம் வரை.

எதற்கு ஏங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். மரினா பேயின் மூன்று கோபுரங்கள் நினைவுக்கே வரவில்லை. வந்தவை எல்லாம் சில்லறைச் சங்கதிகள். எம்ஆர்டி மேடையில் இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி நான்காவதாகத் தமிழில் வரும் அறிவிப்பு. காப்பிக்கடை அங்கிள் என் முகத்தைப் பார்த்ததுமே ‘தே சி கோசோங்?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போடத் தொடங்குவது. இரவு பதினோரு மணிக்கு மண்டை காய்ந்து வேலையிலிருந்து வரும்போது, இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பரோட்டாக் கல். முஸ்தஃபா பேரங்காடி கோவிட்டுக்கு முன் இரவும் பகலும் மூடாது; இப்போதும் அதிகாலை இரண்டு வரை திறந்திருக்கிறது. நள்ளிரவில் பிரஷர் குக்கர் கேஸ்கட் வாங்கும் உரிமையை எந்த அரசியல் சட்டமும் தரவில்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் அது வழக்கத்தில் இருக்கிறது.

அந்த வசதி சும்மா வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வு பற்றி இவ்வளவு சட்டம் பேசும் ஊரில் உட்கார்ந்திருக்கும்போது அது கண்ணில் படாமல் போகாது. டுசல்டார்ஃபில் எனக்குப் பால் கிடைக்காததால்தான் அங்கே ஒரு கடைச் சிப்பந்தி வீட்டில் பிள்ளையோடு இருக்கிறார். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எனக்குப் பரோட்டா கிடைப்பதால் கல்லுக்குப் பின்னால் ஒருவர் வியர்த்துக்கொண்டிருக்கிறார். பல நேரம் அவர் என் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரராகவே இருப்பார்.

நடுப்பகலில் பசி முற்றி இம்மர்மன் தெருவுக்கு நடந்தேன். ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும் அகலமான சாலை. ஐரோப்பாவின் பெரிய ஜப்பானியக் குடியிருப்புகளில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. 1950-களில் ரூர் பகுதியின் எஃகும் இயந்திரமும் வாங்க ஜப்பானிய வர்த்தக நிறுவனங்கள் ஆள் அனுப்பத் தொடங்கின. கொள்முதல்காரர்கள், அதாவது என் சாதி. சில வருடத் தவணையில் வந்தவர்களுக்கு அரிசி வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டியிருந்தது, வங்கி வேண்டியிருந்தது. 1978-இல் அங்கே ஜப்பான் மையமே கட்டிவிட்டார்கள். ராமென் கடை வாசலில் வரிசை. உள்ளே போனதும் நான்கு பேர் ஒரே குரலில் வரவேற்றுக் கத்தினார்கள். இரண்டு நாளில் என்னைப் பார்த்து யாரும் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியதற்குச் சூப்பின் மிளகாய்தான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன். பக்கத்து மேசைப் பெரியவர் நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் அவ்வளவு ஆறுதலாக இருந்தது. திருச்சியில் வளர்ந்தவளுக்கு சோயா வாடையில் என்ன ஊர் நினைப்பு என்று கேட்கலாம். சிங்கப்பூர் செய்யும் வேலை அது. நாலு இனத்துச் சமையல் வாடையும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் சில வருடம் இருந்தால், மூக்கு ஆசியா முழுவதையும் சொந்தம் கொண்டாடத் தொடங்கிவிடுகிறது.

நம்மவர்களும் இப்படித்தான் தெரு அமைத்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு உட்கார்ந்த நகரத்தார் வட்டிக்கடைகளுக்கு ஆள் அனுப்பும் கணக்கும் மூன்று வருடம்தான். குடும்பம் செட்டிநாட்டில், மேலாள் கடல் கடந்து; தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். டேங்க் ரோடு முருகன் கோயிலை அவர்கள் எழுப்பியது 1859-இல். ஈபி புதுப்பிக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த மேலாட்கள் ஞாபகம் வரும். என் கூட குடும்பமும் இருக்கிறது என்பது மட்டும் வித்தியாசம்.

சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போனால் அங்கே ஊரே இருந்தது. கடை இல்லாவிட்டால் மனிதர்கள் எங்கே போவார்கள் என்று காலையில் நினைத்திருந்தேன். வெயிலில் படிக்கட்டு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கையில் பீர் பாட்டில், மடியில் குழந்தை. யாரும் எதையும் வாங்கவில்லை, எங்கேயும் போகவில்லை. இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்துப் புல்வெளியில், ஞாயிறு மாலையில்.

சிங்கப்பூரில் என்னைப் போன்ற அலுவலகத் தமிழர்கள் ஞாயிறன்று தேக்கா பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். ‘சண்டேவா? கூட்டம்பா, சனிக்கிழமை காலைல போயிடலாம்’ என்பது எங்கள் குடும்பங்களில் சட்டம் மாதிரி. ஞாயிறு அவர்களுடையது. துவாஸிலிருந்தும் கிராஞ்சியிலிருந்தும் தங்குவிடுதிப் பேருந்துகளில் வந்து இறங்கும் கட்டுமான, கப்பல் பட்டறை ஊழியர்களுடையது. ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை, முடிவெட்ட வரிசை, ஊர்க்காரனைத் தேடி ஒரு சுற்று. பிறகு புல்லில் உட்கார்ந்து கைப்பேசியில் பிள்ளைக்கு முகம் காட்டுவது. பல பேர் சேர்ந்து படுக்கும் அறைக்கு நண்பனைக் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாது. ஆகவே சிராங்கூன் சாலைதான் அவர்களுக்குத் திண்ணை.

அந்தத் திண்ணைக்கு எத்தனை விதிகள்! 2013 டிசம்பர் 8-இல், அதுவும் ஒரு ஞாயிறு, தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து அங்கே கலவரம் வெடித்தது. சிங்கப்பூர் நாற்பது வருடங்களுக்கு மேல் காணாத கலவரம். 2015 ஏப்ரலில் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி லிட்டில் இந்தியாவில் சனி காலை ஏழு மணி முதல் திங்கள் காலை ஏழு மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. கோவிட் காலத்தில் விடுதிகளே பூட்டப்பட்டன. 2022 ஜூனிலிருந்து, ஞாயிறும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு வர விடுதி ஊழியர்கள் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் அது விலக்கப்பட்டது. கலவரம் நடந்த இடத்தில் காவல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரைன் படிக்கட்டில் காலி பாட்டில்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, அங்கே யாரும் அதற்கு ‘பிரச்சினை’ என்று பெயர் வைக்கவில்லை என்பது உறைத்தது. ஓய்வெடுப்பவனின் சம்பளத்தைப் பொறுத்து ஓய்வு அழகாகவோ நெரிசலாகவோ தெரிகிறது.

மதியத்துக்கு மேல் ஓட்டல் அறையில் இருப்புக் கொள்ளவில்லை. ஹாம் என்ற ஊருக்கு ரயில் ஏறினேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துக்குக் காத்திருந்து போனால், தொழிற்பேட்டைக்கு நடுவே பதினேழு மீட்டர் ராஜகோபுரம். ஈழத்தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில். முதலில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்த அம்மன், 2002-இல் இந்தக் கோயிலுக்குக் குடிவந்தாள். திருவிழாவில் பக்கத்திலுள்ள கால்வாயில்தான் தீர்த்தம். வருடப் பிறப்பு என்பதால் அன்றைக்கு வேட்டியும் பட்டுமாக நல்ல கூட்டம். செருப்பு விடும் இடத்தில் குளிர் தரை சுரீரென்றது.

பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை எவடம்?”

“சிங்கப்பூர்” என்றேன். திருச்சி என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் முந்திக்கொண்டது.

“அங்க பிறந்தனீங்களோ?”

“இல்லைங்கய்யா, வேலைக்குப் போனது.”

எண்பதுகளில் வந்தவராம். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கே ரயிலேறிய தலைமுறை. டோர்ட்முண்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை. நான் ஞாயிற்றுக் கடையடைப்பைப் பற்றிப் புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

“அது நல்லது தானே பிள்ளை. ஞாயிறு கடையும் பூட்டு, கொம்பனியும் பூட்டு. அதாலதான் சனம் கோயிலுக்கு வருது. திறந்து விட்டா எங்கட ஆக்கள் ஓவர்டைம் எண்டு போயிருவினம், அம்மன் தனிய நிப்பா.”

தேவாலயங்கள் நீதிமன்றம் வரை போய்க் காப்பாற்றிய ஞாயிற்றில் காமாட்சிக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. தொன்னையில் பொங்கலும், கூடவே ஒரு துண்டு மாங்காய்ப் பச்சடியும் வந்தன. வேப்பம்பூ போட்டிருந்தார்களா என்று அம்மா கேட்டாள். இருந்தது, காய்ந்த பூ.

திங்கள் முதல் வெள்ளி வரை எந்த ஏக்கமும் இல்லை. காலையில் யு78 பிடித்துக் கண்காட்சிக்குப் போய், குஜராத்திகளிடமும் இத்தாலியரிடமும் கொரியரிடமும் டன் விலை பேசிவிட்டு வந்து விழுந்தால் தூக்கம். ஏக்கம் விடுமுறை நாள் வியாதி போலிருக்கிறது. சிங்கப்பூர் திரும்பியதும் செலவுக் கணக்கு கொடுத்தேன். ஹாம் போய்வந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள், அங்கே எந்த சப்ளையர் என்று. அந்தத் தாளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த ‘டியூப்’ 2026 ஏப்ரலில். சித்திரை ஒன்று அப்போது செவ்வாய்க்கிழமை வருகிறது. கடைகள் திறந்திருக்கும், பெரியவரின் ஆட்கள் வேலையில் இருப்பார்கள்.